பெருக்காத மூலை

ஒரு சர்க்கார் கச்சேரியின் லட்சணம் அதன் பதிவேடுகளில் தெரியும் என்பது விதி. முப்பத்தைந்து வருஷம் அந்த விதிப்படி தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவேடுகளில் தெரிவது எழுதியவரின் கையெழுத்து மட்டும்தான். மற்றதெல்லாம் அந்தக் கச்சேரியைப் பெருக்குகிறவருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. கேட்கும்படி எந்த விதியும் இல்லை.

ஒரு முறை கேட்டார்கள். அப்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

சேலம் ஜில்லாவின் தென்பக்கத்தில், கொல்லிமலை கிழக்கே நீலமாய்த் தெரிகிற ஒரு தாலுகா கச்சேரி அது. எந்தத் தாலுகா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இப்போது அங்கே இருப்பவர்கள் பழைய கோப்பைத் தேட ஆரம்பிப்பார்கள்; அந்தத் துன்பம் அவர்களுக்கு வேண்டாம். இரண்டாவது உலகச் சண்டைக் காலம். நான் கடைசிக் குமாஸ்தா, திருச்சியில் படித்த பி.ஏ. பட்டத்தை யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்த வயது.

அங்கே காம்பவுண்டு பெருக்கியவர் ஒரு பெண். வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், பாதத்தைப் பார்ப்பார். அதைப் பணிவு என்று எங்கள் தாசில்தார் நினைத்துக்கொண்டிருந்தார். அது தொழில் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. நிரந்தரச் சிப்பந்திகளுக்குத்தான் பெயர்க் கட்டம் உண்டு. அவர் “காம்பவுண்டு பெருக்குபவர், ஒருவர்”. எல்லாரும் “ஏம்மா” என்று கூப்பிட்டோம். அவர் இல்லாதபோது “அவள்” என்றோம். இப்போது “அவர்” என்று எழுதுகிறேன். தாமதமான திருத்தம்தான்.

கச்சேரிக்கு முன்னால் வேப்பமரங்கள், சுத்தமான செம்மண் வாசல். பின்னால் வாய்க்காலை ஒட்டி வடகிழக்கு மூலையில் மட்டும் ஊர் உண்டாவதற்கு முந்தைய காடு ஒரு துண்டு மிச்சமிருந்தது. இரண்டு இலுப்பை, ஒரு நாவல், நாலைந்து புங்கன். அடியில் நொச்சியும் காரைமுள்ளும். அதற்கும் அடியில் முழங்காலளவு சருகு. அந்த அம்மாள் கச்சேரி முழுவதும் பெருக்குவார், அந்த மூலையைத் தவிர. ஆனால் மூலையைச் சுற்றி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு பட்டை மண்ணை மட்டும், மற்ற இடத்தைவிட மூன்று மடங்கு சிரத்தையாகப் பெருக்குவார். சல்லடையில் சலித்த மாவு மாதிரி இருக்கும்.

சேர்ந்த இரண்டாவது வாரம் நான் கேட்டேன். “ஏம்மா, இவ்வளவு பெருக்குகிறாயே, அந்த மூலை என்ன பாவம் செய்தது?”

“அது அவுரு எடமுங்க சாமி.”

“யாரு?”

“மணியக்காரருங்க.”

மணியக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் கிராம அதிகாரி. எங்கள் காம்பவுண்டுக்குள் எந்தக் கிராம அதிகாரிக்கு நிலம் இருக்கிறது என்று நான் ஆக்கிரமிப்புப் பதிவேட்டைப் புரட்டப் போய்விட்டேன். அவர் சிரித்தார். “அங்க பாருங்க சாமி, எல்லை பாத்துட்டு வாராரு.”

நொச்சிக்கு அடியிலிருந்து ஒரு குருவி துள்ளித் துள்ளி வந்தது. மைனாவைவிடச் சற்றுச் சின்னது. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, அடிவயிற்றில் குங்குமம் கொட்டியது போல் சிவப்பு, இறக்கையில் ஒரு துளி நீலம், கண் மீது கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தையும் வாங்கிப் போட்ட கடவுளுக்கு வால் வாங்கக் காசு இல்லாமல் போய்விட்டது; கட்டை வால். அதையும் சும்மா வைக்காமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சருகைப் புரட்டியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, எதையோ கொத்தியது, அடுத்த சருகுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டு குமாஸ்தா கட்டுப் பிரிப்பது போல, ஒன்றையும் விடாமல்.

“இது ஆறுமணிக்குருவி” என்றேன். விடிகிறபோதும் அடைகிறபோதும் கூவுவதால் ஊரில் அதற்கு அந்தப் பெயர்.

“அப்படித்தான் சொல்றாங்க. அது மணி பாத்து நா பாக்கலீங்க” என்றார்.

அந்த வாக்கியம்தான் அவர். பார்த்ததைப் பார்த்தேன் என்பார். பார்க்காததை ராஜாவே கேட்டாலும் சொல்லமாட்டார்.

ஒரு தடவை தாசில்தாரின் குடை காணாமல் போனது. மணி அடிக்கும் சேவகர்மேல் சந்தேகம். அவருக்கும் தாசில்தாருக்கும் ஏற்கெனவே ஆகாது. “அவன் பின்பக்கமாகப் போனதை நீ பார்த்தாயல்லவா?” என்று அந்த அம்மாளை நிறுத்திக் கேட்டார்கள். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தாசில்தாரின் தயவு கிடைக்கும். அவர் சொன்னது: “அவுரு கால் போனதைப் பாத்தனுங்க. வலது கால் வெளியப் பாத்து மிதிக்கிற கால் அவுருதுதான். குடையைப் பாக்கலீங்க. குடை ஊனிட்டுப் போயிருந்தா மண்ணுல குத்து உழுந்திருக்கும். உழுகலை.” இரண்டு நாள் கழித்துக் குடை தாசில்தார் வீட்டுக் கொடியில் தொங்கியது. சேவகர் அன்று முதல் அவரை “ஆத்தா” என்று கூப்பிட்டார், கேலியை மட்டும் விடாமல்.

இன்னொரு நாள் ரிக்கார்டு ரூமில் நல்ல பாம்பு என்று ஒரே கூச்சல். கான்ஸ்டபிள் தடியோடு நின்றார். அம்மாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சட்டையைத்தான் பாத்தீங்க. பாம்பைப் பாத்தவிய யாரு?” என்றார். ஒருவரும் இல்லை. “அப்ப சட்டை இருக்குதுன்னு சொல்லுங்க” என்று அதைச் சீமாற்றுக் குச்சியால் எடுத்து வெளியே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நாங்கள் நாற்காலியிலிருந்து இறங்கினோம்.

அந்தக் குருவியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஐப்பசி மழை தொடங்குகிற வாரத்தில் அது வரும். வந்த முதல் இரண்டு நாள் அசதியாக இருக்கும், பக்கத்தில் போனாலும் பறக்காது. அப்புறம் மூலையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிடும். ஒரு வருஷம் அதே ஜாதியில் இன்னொன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து இறங்க, இரண்டும் எதிரெதிரே நின்று அரை நாள் கூவின, வந்தது போய்விட்டது. பகலெல்லாம் தரை. அடையும்போது மட்டும் தாழ்ந்த கிளை. ஏறி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து இரட்டைச் சீழ்க்கை அடித்த பிறகுதான் தூக்கம். வண்டு, எறும்பு, கரையான், ஈர மண்ணில் புழு. பழம் தின்று அவர் பார்க்கவில்லை. கூடு கட்டியும் பார்க்கவில்லை. பங்குனி கடைசியில் ஒரு நாள் விடிந்தால் இருக்காது.

“வடக்கே போகிறது. அங்கே மழைக்காலத்தில் கூடு கட்டும். புத்தகத்தில் இருக்கிறது” என்றேன், பட்டம் பேச.

“நீங்க பாத்தீங்களா சாமி?”

“நான் எங்கே பார்ப்பது? எழுதியவர் பார்த்திருப்பார்.”

“அவுரு பாத்திருந்தா செரீங்க. நா இங்கிருந்து போறதைத்தான் பாத்தேன். எங்கன்னு அது சொல்லலை.”

“போனதும் வருவதும் ஒரே குருவிதான் என்று உனக்கு எப்படித் தெரியும்? இது வேறாக இருக்கலாமே?”

இதற்குத்தான் அவர் காத்திருந்தார் என்று தோன்றியது. என்னைப் பெருக்கிய பட்டைக்குக் கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். மண்ணில் ஜோடி ஜோடியாகத் துள்ளிய தடம். வலது காலில் முன்னால் மூன்று விரல். இடது காலில் நடுவிரல் பாதியோடு நின்றிருந்தது, வெட்டிய பென்சில் போல. “அஞ்சு மழையா இந்தக் கால்தானுங்க” என்றார். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பட்டையைச் சீராக்கிவிட்டுப் போவார். மறுநாள் விடிந்ததும் முதல் வேலை அதைப் படிப்பது. கீரி, ஓணான், வேலி தாண்டிய ஆடு, சுவர் ஏறிக் குதித்த ஆள், எல்லாம் அதில் இருக்கும். கச்சேரியில் இருந்த பதிவேடுகளில் அன்றாடம் பதிந்தது அது ஒன்றுதான்.

ஆவணியில் ஒரு நாள் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. சண்டைக்கு அது உதவும் என்றார்கள். எப்படி என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. நாங்களும் தள்ளிக்கொண்டோம். மணிச் சேவகர் புது நேரத்துக்கு மணி அடித்தார். அந்த அம்மாள் மட்டும் வழக்கம் போல வந்தார், அதாவது கடிகாரப்படி ஏழு மணி வாக்கில். ஆறு மணிக்கு வரவேண்டும் என்பது உத்தரவு.

இது ஒன்றரை மாதம் யார் கண்ணிலும் படவில்லை. கரையான் வந்துதான் படவைத்தது. டிப்டி கலெக்டர் ஒரு பழைய நில வழக்கின் காகிதக் கட்டைக் கேட்டு எழுதினார். ரிக்கார்டு ரூமில் கட்டை எடுத்தோம். நூலும் மேலட்டையும் முழுசாக இருந்தன, நடுவில் மண். பக்கத்துக் கட்டுகளும் அப்படியே. பதில் எழுத வேண்டும். பதிலுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஓர் ஆள் வேண்டும். தாசில்தார் ஜன்னல் வழியாக வடகிழக்கு மூலையைப் பார்த்தார்.

அந்த அம்மாளுக்கு மெமோ போனது. ஒன்று, தினமும் ஒரு மணி நேரம் தாமதம். இரண்டு, உத்தரவுக்கு விரோதமாக மூலையைப் பெருக்காமல் விட்டது; கேட்டால் ஏதோ குருவி என்று கதை சொல்வது. மூன்று, அந்தச் சருகில் கரையான் பெருகித் தஸ்தாவேஜுகளை அழித்தது. ஏழு நாளில் ஜவாப் இல்லையென்றால் வேலை நீக்கம். புதரை வெட்டிச் சருகைக் கொளுத்தி மண்ணைக் கொத்திவிட வேண்டியது.

மெமோவை நான்தான் படித்துக் காட்டினேன். மணிச் சேவகரும் நின்றிருந்தார்.

“வேலை போச்சுன்னா என்ன ஆத்தா பண்ணுவே?” என்றார் அவர்.

“மேட்டூர் அணைக்குக் கல்லுச் சொமந்தவ நா. மறுக்காவும் சொமப்பேன்.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “மூலையக் கொளுத்தறதுன்னா எப்பங்க? அவுரு வாரதுக்கு முன்னாலயா, வந்தப்பறமா?”

“உம் மணியக்காரர் இந்த வருசம் இன்னும் வரவே இல்லியே. சண்டைக்குப் பட்டாளத்துல சேந்துட்டாரோ என்னமோ!” என்றார் சேவகர்.

“மழையே இன்னும் எறங்கலீங்களே. எறங்கட்டும், பாக்கலாம்.”

அதுதான் சிக்கல். அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. குருவி வந்தால் கதை இல்லை என்றாவது நிரூபிக்கலாம். அதற்கு நாள் வேண்டும். நாள் கடத்துவது எப்படி என்று அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்பித்திருந்தது.

மெமோ இங்கிலீஷில் இருந்தது. தமிழ் நகல் கேட்டு ஒரு மனு. ஐந்து நாள். நகல் வந்தது, எந்த விதியின் கீழ் குற்றச்சாட்டு என்று அதில் இல்லை, விளக்கம் கேட்டு ஒரு மனு. ஆறு நாள். மூன்றாவது மனுதான் நான் இன்றும் பெருமைப்படுவது: தஸ்தாவேஜு நஷ்டம் சம்பந்தப்பட்டிருப்பதால் விசாரிக்கும் அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை, மேலதிகாரி ஸ்தலத்தில் வந்து பார்த்து மகஜர் எழுத வேண்டும். மூன்றையும் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவரின் கையெழுத்தில் எழுதவைத்தேன்.

“மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இத்தனை விதி எப்படித் தெரியும்?” என்று தாசில்தார் என்னைக் கேட்டார்.

“விசாரித்து வரட்டுமா சார்?”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “வேண்டாம்” என்றார்.

ஜவாப்பு எழுதும்போதுதான் எனக்கும் அம்மாளுக்கும் தகராறு. “இந்த மாதத்துக்குள் குருவி வரும் என்று எழுதுகிறேன்” என்றேன்.

“வருமுன்னு எப்படிங்க எழுதறது? அஞ்சு மழைக்கு வந்துச்சுன்னு, எடது கால் நடுவிரல் பாதின்னு எழுதுங்க.”

“சரி. மூலையில் கரையான் இல்லை என்று?”

“இருக்குதுங்களே!”

“அம்மா, இருக்கிறது என்று எழுதினால் மூன்றாவது குற்றச்சாட்டை நீயே ஒத்துக்கொண்டது ஆகும்.”

“கரையான் இருக்கறதாலதான் அவுரு வாராரு. இல்லீன்னா சருகுல எதுக்குங்க அவருக்கு வேலை? இருக்கறதை இல்லீன்னு எழுதி அதுல என் ரேகையை வெக்கச் சொல்றீங்களா?”

“மூலையில் கரையான் உண்டு” என்று எழுதினேன். வழக்கு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டிப்டி கலெக்டர் வருகிற தேதி வந்தது. முன்தினம் மத்தியானம் கொல்லிமலைப் பக்கம் கறுத்து, மழை இறங்கிவிட்டது. ஐந்து மணி வரை கொட்டியது. விட்டதும் அந்த அம்மாள் ஈர மண்ணைப் பட்டை முழுவதும் சீராக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். வேலை இருக்குமா என்று தெரியாத இடத்துக்கு அவ்வளவு சிரத்தை எதற்கு என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

தாமதத்தைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று டிப்டி கலெக்டர் காலை ஆறு மணிக்கே ஆஜராகச் சொல்லியிருந்தார். புது நேரம் ஆறு. பழைய ஐந்து. தாசில்தார், நான், மணிச் சேவகர், மூவரும் பின்வாசலில் நின்றோம். டிப்டி கலெக்டர் குள்ளமான மனிதர், அதிகம் பேசாதவர். நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை லாந்தருக்குக் காட்டிப் பார்த்தார். சேவகர் ஆறு அடித்தார். இருட்டில் அந்த மணி அசட்டுத்தனமாகக் கேட்டது.

“வரவில்லை, சார்” என்றார் தாசில்தார், பரிசு வாங்கியவர் போல. “தினமும் இப்படித்தான். எழுதிக்கொள்ளலாமா?”

“எழுதுங்கள்” என்றார் டிப்டி கலெக்டர். எழுத லாந்தரைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

முக்கால் மணி நேரம் ஓடியது. மரங்கள் முதலில் கறுப்பாகவும் பிறகு சாம்பலாகவும் வந்தன. வாசல்பக்கம் காலடிச் சத்தம். அந்த அம்மாள் சீமாறோடு வந்து, இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

“ஏம்மா, உத்தரவு ஆறு மணி. நீ எந்தக் கணக்கில் வருகிறாய்?” என்றார் டிப்டி கலெக்டர்.

“மண்ணு கண்ணுக்குத் தெரியறப்ப வாரேனுங்க எசமான்.”

“ஏன்?”

“தெரியாம என்னத்தைங்க பெருக்கறது?”

டிப்டி கலெக்டர் குனிந்து தன் காலடி மண்ணைப் பார்த்தார். அப்போதுதான் அது தெரிய ஆரம்பித்திருந்தது. தாசில்தார் பக்கம் திரும்பி, “முக்கால் மணி நேரத்துக்கு முன் நீங்கள் இதைப் பெருக்கியிருப்பீர்களா?” என்று கேட்டார். தாசில்தார், தான் பெருக்குவதில்லை என்றார்.

அந்த நேரத்தில் மூலையிலிருந்து சீழ்க்கை கேட்டது. முதல் ஒலி ஏறியது, அடுத்தது இறங்கியது. மறுபடியும் ஒரு முறை. மணிச் சேவகருக்கு உத்தியோக மரியாதை மறந்துபோய், “வந்துட்டாருடா மணியக்காரரு!” என்று கத்திவிட்டார். டிப்டி கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறுமணிக்குருவி ஆறே முக்காலுக்குக் கூவுகிறது. இதற்கும் மெமோ உண்டா?” என்றார் தாசில்தாரிடம். பிறகு அம்மாளைப் பார்த்து, “இதுதானா நீ சொன்ன குருவி? ஐந்து வருஷமாக வருவது?”

ஆமாம் என்றால் போதும். பாதி வழக்கு தீர்ந்தது. என்னுடைய இத்தனை நாள் உழைப்பு, மூன்று மனு, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்காக.

“அந்த ஜாதிதானுங்க. அதே ஆளான்னு இன்னும் பாக்கலீங்க” என்றார் அவர்.

“பார்த்தீர்களா சார், அவளுக்கே தெரியவில்லை!” என்றார் தாசில்தார்.

“சத்தம் போடாதீங்க எசமான்” என்றார் அம்மாள், தாசில்தாரிடம். அந்தக் கச்சேரியில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. “எறங்கட்டும்.”

காத்திருந்தோம். ஒரு டிப்டி கலெக்டர், ஒரு தாசில்தார், ஒரு குமாஸ்தா, ஒரு சேவகர், அத்தனை பேரும் ஒரு குருவி இறங்கி வரக் காத்திருந்தோம். சருகு சலசலத்தது. சாம்பல் வெளிச்சத்தில் ஓர் உருண்டை வெளியே துள்ளியது, பட்டையைக் கடந்து வாய்க்கால் ஈரத்தில் ஒரு புழுவை இழுத்தது, திரும்பத் துள்ளி உள்ளே போனது. நிறம்கூடத் தெரியவில்லை. விரலையா பார்க்க முடியும்?

அம்மாள் நடந்து போய்ப் பட்டையின் ஓரத்தில் குந்தினார். விரலால் தொடாமல் தடத்தை எண்ணிக்கொண்டே நாலடி நகர்ந்தார். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, நிமிர்ந்து ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தார். “அதே ஆளுதானுங்க!” என்றார். அந்தக் குரலில் வேலை, மெமோ, விசாரணை எதுவும் இல்லை. இத்தனை தூரம் போய் வந்தவரை வாசலில் பார்த்த குரல்.

டிப்டி கலெக்டர் குந்தினார். நான் லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தேன். முந்தின சாயங்காலம் சீராக்கிய ஈர மண்ணில், அச்சில் வார்த்தது போல, இடது கால் நடுவிரல் பாதியோடு நின்றிருந்தது. ஜவாப்பில் அதே வாக்கியம், மழை இறங்குவதற்கு முன்பே எழுதியது, என் கையில் இருந்தது. அவர் வாங்கிப் படித்தார். மண்ணைப் பார்த்தார். மறுபடி படித்தார். எழுதியதும் இருந்ததும் ஒத்துப்போன ஒரு காகிதத்தை அவரும் அதிகம் பார்த்ததில்லை போலும். எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்.

“கரையான் இருக்கிறது என்றும் நீயே எழுதியிருக்கிறாயே” என்றார்.

“இருக்குதுங்க. மூலையில இருக்கறது மூலையிலதான் இருக்குது. நடுவுல இந்தப் பட்டையில புத்து மண்ணு ஒரு நாளும் பாக்கலீங்க.”

“அப்படியானால் ரிக்கார்டு ரூமுக்கு எங்கிருந்து வந்தது?”

“பெரிய எசமான் மேசைக்குப் பின்னாலருந்துங்க.”

எல்லாரும் தாசில்தாரைத் திரும்பிப் பார்த்தோம்.

“அங்க ஒரு வருசமாத் தரையில, சொவத்தோட சாத்தி வெச்ச கட்டு இருக்குதுங்க. அது அடியில தரை வெடிச்சிருக்குது. அதுலருந்து சொவத்தோரமாப் போயி ரிக்கார்டு ரூம் கதவடியில நொழையுது. பெருக்கறப்ப தெனமும் பாக்கறேன்.”

“ஏன் சொல்லவில்லை?”

“ஆரும் கேக்கலீங்களே.”

கட்டுகளைத் தரையில் வைக்கக் கூடாது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கால் வைத்த பலகையில் அடுக்க வேண்டும் என்று ஒரு நிலையான உத்தரவு உண்டு. அதன் எண் எனக்கு மனப்பாடம். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்டார். சொன்னேன். மேசையை நகர்த்தினோம். முடிவு செய்யாமல் தாசில்தார் ஒதுக்கி வைத்திருந்த கட்டுகள் இடுப்புயரம். தூக்கியபோது கீழ்ப்பாதி தூக்கியவர் கையோடு வரவில்லை. வெடிப்பிலிருந்து கதவு வரை மண் கோடு, வரைபடத்தில் வாய்க்கால் போட்டது போல, சுத்தமாக இருந்தது. தாசில்தார் தன் குடையைத் தேடினார். மழை இல்லை.

மகஜரை நான்தான் எழுதினேன். குற்றச்சாட்டு மூன்றும் தள்ளுபடி. மேசைக்குப் பின்னால் இருந்த விஷயம் தனிக் கோப்பு. அதற்குத் தாசில்தார் ஜவாப்பு எழுத வேண்டும், ஏழு நாளில். “ஆண்டுதோறும் ஐப்பசியில் வரும் பறவையின் பொருட்டு மேற்படி மூலையை, மறு உத்தரவு வரும் வரை, பெருக்காமல் விடவேண்டியது” என்று டிப்டி கலெக்டர் சொல்லச் சொல்ல எழுதி, அம்மாளுக்குப் படித்துக் காட்டி, ரேகைக்கு மைப்பெட்டியை நீட்டினேன்.

அவர் கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஆண்டுதோறும்னு எப்படிங்க? ஆறு மழைக்கு வந்திருக்குது. அத்தனையே எழுதுங்க.”

“ஏம்மா, உனக்குச் சாதகமாகத்தானே எழுதியிருக்கிறது!” என்றேன்.

“பாக்காததுல ரேகை வெக்க மாட்டேனுங்க.”

டிப்டி கலெக்டர் பேனாவை வாங்கி, “ஆண்டுதோறும்” என்பதை அடித்து, “இதுவரை ஆறு மழைக்காலங்களில்” என்று தன் கையாலேயே எழுதிச் சுருக்கொப்பமிட்டார். அப்புறம் தன்னிச்சையாக ஒரு வரி சேர்த்தார்: காம்பவுண்டு பெருக்குபவர் வேலைக்கு வரவேண்டிய நேரம், மண் கண்ணுக்குத் தெரியும் நேரம்.

அம்மாள் ரேகை வைத்துவிட்டு, சீமாற்றை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். விசாரணையால் ஒரு மணி நேரம் வேலை தடைப்பட்டிருந்தது. போகிற போக்கில் டிப்டி கலெக்டரின் பூட்ஸ் தடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: “நல்ல மனுசருங்க. எடது குதிகால் தேஞ்சிருக்குது, மாத்தச் சொல்லுங்க.”

மறு உத்தரவு என்று ஒன்று வரவே இல்லை. வராதவரை முந்தைய உத்தரவு செல்லும். அடுத்து வந்த தாசில்தார்கள் ஒவ்வொருவரும் அந்த மூலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை இறங்கிய மறுநாள் அம்மாள் பட்டையோரம் குந்துவார். எழுந்ததும் என்னிடம், “ஏழுங்க”, பிறகு, “எட்டுங்க” என்பார். மகஜரின் ஓரத்தில் எண்ணை மாற்றிச் சுருக்கொப்பமிடுவேன். அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது.

சண்டை முடிந்ததும் அரசாங்கம் கடிகாரத்தை மறுபடியும் பின்னுக்கு இழுத்தது. நேரம் குறித்த எல்லா உத்தரவுகளையும் திருத்திப் பட்டியல் அனுப்பச் சொன்னார்கள். மணி அடிப்பது, கச்சேரி திறப்பது, தபால் கட்டுவது, காவல் மாற்றுவது என்று நாற்பத்து மூன்று இனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பழைய நேரம், புது நேரம், திருத்தச் சீட்டு எண் என்று மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கடைசி இனம் காம்பவுண்டு பெருக்குபவர். அதற்கு எதிரே “திருத்தம் தேவையில்லை” என்று எழுதி அனுப்பினேன்.